தரிசு என்று எழுதிய கை

காரைக்காலில் ஒரு மனை வாங்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை வந்தால், தரகர், பாங்கு, மச்சான், மாமன் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஆரோக்கியஜோசப்பின் மேஜைக்குத்தான் வந்து நிற்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அவர் பத்திர எழுத்தர். ஊர் அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடும். பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கையெழுத்தைக் காட்டினால் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு முத்து முத்தான எழுத்து. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி எழுதிவைத்த பழைய தாள்களைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்று சொல்லிவிடுவார். வில்லங்கச் சான்றிதழை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு அவர் "சுத்தம்" என்றால் அப்புறம் மறுபேச்சு கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில்தான் குடியிருந்தார். ஊருக்கெல்லாம் வீடு எழுதிக் கொடுக்கிறவருக்குச் சொந்தமாக ஒரு ஆணி அடிக்கச் சுவர் இல்லை. இதை டீக்கடையில் கேலியாகச் சொல்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தபிறகு சிரிக்கமாட்டார்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் வடகம் காயவைக்கக் கூடாது, விருந்தாளி வந்து மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஆரோக்கியஜோசப்பின் மனைவி சகாயம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள். தையல் மிஷின் சத்தம் கேட்கிறது என்றே ஒரு வீட்டைக் காலி பண்ணியிருக்கிறார்கள். வீடு மாறும்போதெல்லாம் அவள் வண்டியில் கடைசியாக ஏற்றுவது ஒரு பெயிண்ட் வாளி. அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கன்று அது. ஆறு வீடு பார்த்துவிட்டது. தரையில் நட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டிவருமே என்று வாளியிலேயே வைத்திருந்தாள்.

ஆரோக்கியஜோசப்புக்கு ஒரு பழக்கம். ஒரு பத்திரம் எழுதினால் பத்து ரூபாயைத் தனியே எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். டப்பாவின் மேல் அவர் கையெழுத்திலேயே 'அஸ்திவாரம்' என்று எழுதி ஒட்டியிருக்கும். மாதம் பிறந்தால் அது தபாலாபீசுக்குப் போகும். "ஊர்ல ஒருத்தன் வீடு வாங்குனா நமக்கு ஒரு செங்கல்" என்று மகள் ஜெனிஷாவிடம் சொல்வார். அந்தச் செங்கல் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

இரண்டாயிரமாவது வருஷம், ஆடி மாதம். வெளியூர்க்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். வரிச்சிக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கு இந்தப் பக்கம், அவருக்கு இறால் பண்ணை இருந்தது. நாலு குட்டை. கடல் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து நிறுத்தி ஏழெட்டு வருஷம் இறால் வளர்த்தார். நோய் விழுந்து ஒரே வாரத்தில் எல்லாம் செத்து மிதந்தது. நிலத்தை உள்ளூர் ஆள் ஒருவருக்குத் தள்ளிவிட்டுப் போக வந்திருந்தார். வாங்குகிறவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூலப்பத்திரத்தில் சொத்து விவரம் என்ற இடத்தில் 'இறால் குட்டை நான்கு' என்று தெளிவாக இருந்தது. ஆரோக்கியஜோசப் அதைப் பார்த்து எழுதப் போனார்.

"ரைட்டர், அத அப்படியே எழுதணுமா?" என்றார் வெளியூர்க்காரர். "தண்ணி வத்தி ஒரு வருஷம் ஆச்சு. காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. இப்ப அதுல ஏது இறாலு, ஏது குட்டை? தரிசுன்னு போட்டுருங்களேன்."

"எனக்கும் அதான் நல்லது" என்றார் வாங்குகிறவர். "நாளப்பின்ன மனை கினை போடுறதுன்னா குட்டைன்னு இருந்தா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்."

பேனா ஒரு நிமிஷம் நின்றது. இதற்கு முன்னும் இப்படி எத்தனையோ எழுதியிருக்கிறார். இடிந்த சுவரை 'வீடு' என்றும், ஒற்றையடிப் பாதையை 'வண்டிப்பாதை' என்றும் எழுதியிருக்கிறார். பயிர் இல்லாமல் சும்மா கிடக்கிற நிலம் தரிசுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். குட்டைக்கு மூன்று எழுத்து. தரிசுக்கும் மூன்று எழுத்து. அதை எடுத்துவிட்டு இதை வைத்தார். கீழே வழக்கமான வரியையும் எழுதினார்: மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கக் கடவேன்.

கூலிக்கு மேல் அவர் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த விஷயத்தில் கறாரான ஆள். ஆனால் சாயங்காலம் ஒரு பை வந்தது. வேறு பண்ணையிலிருந்து வாங்கி ஐஸ் போட்ட இறால். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். "குட்டைக்காரர் குடுத்தாரு" என்று சகாயம்மாளிடம் நீட்டினார். அப்போது அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரர் சைவம். கவிச்சி கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்திருந்தார். சகாயம்மாள் சன்னலையெல்லாம் சாத்திவிட்டு வதக்கினாள். பத்து வயது ஜெனிஷா விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். வாசனைக்குச் சன்னல் ஒரு தடையா? மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அடுத்த மாதம் பெயிண்ட் வாளி வண்டி ஏறியது.

அவர் பத்து ரூபாயை டப்பாவில் போட்டார். பத்திரத்தை மறந்தார்.

சுனாமி வந்துபோன மறுவருஷம். கடலோரத்துச் சனம் கொட்டகையில் கிடந்தது. அவர்களுக்கு உதவி செய்யவென்று எங்கிருந்தெல்லாமோ நிறுவனங்கள் வந்து இறங்கின. வந்த நிறுவனங்களுக்கு ஆபீசும் தங்க இடமும் வேண்டும். காரைக்கால் டவுனில் வாடகை எகிறியது. ஆரோக்கியஜோசப் அப்போது விசாலாட்சி அம்மாள் வீட்டில் இருந்தார். நல்ல மனுஷி. ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

"சார், நான் ஒங்கள வெரட்டுறேன்னு நெனைக்காதீங்க. கேக்குறாங்க. நீங்க குடுக்குறதுல மூணு பங்கு. எம் பொண்ணு கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் வாணாங்க முடியுமா, சொல்லுங்க."

"எவ்வளவு நாள் டைம் தர்றீங்கம்மா?"

"சித்திரைக்குள்ள பாத்துக்குங்க."

அவள் போனபிறகு சகாயம்மாள் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இனிமே நான் மாற மாட்டேங்க" என்றாள். "செத்தா இந்த வீட்டுல சாவுறேன். இல்ல, சொந்த வீட்டுக்குப் போறேன்." அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தான் ஆரோக்கியஜோசப்புக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே சொக்கநாதன் வந்தான். மனை போட்டு விற்கிறவன். வரிச்சிக்குடி தாண்டிப் 'பொன்மணி நகர்' என்று போர்டு வைத்திருந்தான். இருபத்திரண்டு மனை. அந்த இரண்டு வருஷத்தில் காரைக்காலில் நிலம் வாங்குகிற எல்லாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். மண் எப்படி, தண்ணீர் எப்படி, ரோடு உண்டா என்றெல்லாம் கேட்கிற புத்தியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆரோக்கியஜோசப்பும் அதைத்தான் கேட்டார்.

"சுனாமித் தண்ணி வந்துச்சா?"

"வரவே இல்ல ரைட்டர். கிளிஞ்சல்மேட்டத் தாண்டி வந்த தண்ணி சவுக்குத் தோப்போட நின்னுபோச்சு. யார வேணா கேளுங்க."

அது சத்தியமான வார்த்தை. விசாரித்தார். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

மூலப்பத்திரங்களை வாங்கி மேஜையில் பரப்பினார். சொக்கநாதனுக்கு விற்றவர் பத்திரம், அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. இரண்டாவதைத் திருப்பியதும் அவர் முகம் மலர்ந்தது. முத்து முத்தான எழுத்து. அடியில் 'எழுதியவர் ஆரோக்கியஜோசப்'.

"அட, நானே எழுதுனது!" என்றார். "இதுல வில்லங்கம் எப்படி வரும்?" அதற்கும் முந்தியதை அவர் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சொத்து விவரத்தில் 'தரிசு' என்று இருந்தது. அவர் கையே எழுதியிருந்ததால் அவர் கண் அதை அப்படியே நம்பியது. எத்தனை ஆயிரம் பத்திரம் எழுதியவர், இது ஞாபகம் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வராமல் இருக்க மனுஷன் உள்ளுக்குள்ளே கொஞ்சம் பாடுபடத்தான் செய்கிறான். சித்திரை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சொக்கநாதன் ஒரு யோசனை சொன்னான். நகர் முழுவதற்கும் ரைட்டரே பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவர் மனையில் நல்ல தள்ளுபடி. அவரும் ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு மனையில் பதினெட்டு மனை மளமளவென்று விற்றது. 'ரைட்டரே வாங்கியிருக்காரு' என்பதைவிட வேறு என்ன விளம்பரம் வேண்டும்? எல்லாம் வாடகைக்குக் குடியிருந்த சனம். நகையை வைத்தும் சீட்டு எடுத்தும் வந்தவர்கள். பதினெட்டுப் பத்திரத்திலும் அவர் கை 'தரிசு' என்று எழுதியது.

மனையைப் பார்க்க சகாயம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். லாரி லாரியாகச் செம்மண் அடித்து நிரவியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் அமுதம், பக்கத்துக் கிராமம். ஆடுகளை அவள் செம்மண் பக்கம் விடாமல் ரோட்டோரத்திலேயே வைத்திருந்தாள்.

"குட்டையிலயா வூடு கட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எந்தக் குட்டை?" என்றாள் சகாயம்மாள்.

"இதாங்க. நாங்க குட்டைன்னுதான் சொல்லுவோம். ஆடு வாய வைக்காது."

"மண்ணு இப்பத்தானம்மா அடிச்சிருக்கு. புல்லு மொளைக்க வாணாமா?" என்று ஆரோக்கியஜோசப் சிரித்தார். திரும்பி வரும்போது சகாயம்மாள், "குட்டைங்கிறாளே" என்றாள். "கிராமத்து ஆளுங்க பள்ளமா இருந்தா குட்டைன்னுவாங்க. பத்திரத்துல தரிசுன்னு இருக்கு" என்றார் அவர். பத்திரத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் அவளும் அதற்கு மேல் கேட்கமாட்டாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கையெழுத்தால் சாப்பிட்டவள் அவள்.

பாங்குக் கடன் வந்தது. குரும்பகரத்துக் கொத்தனார் முத்துக்குமரன் வேலையை எடுத்துக்கொண்டான். முதலில் அடிபம்பு இறக்கினார்கள். தண்ணீர் வந்ததும் அவன் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்துத் துப்பினான்.

"சார், கரிக்குது."

"மேல்தண்ணி அப்படித்தான்பா இருக்கும். எறைக்க எறைக்க மாறும்."

"நாப்பது அடி எறக்கியாச்சு சார். இது நாக்குல நிக்குற கரிப்பு. இந்தத் தண்ணி கட்டடத்துக்கு ஆவாது. லாரித் தண்ணி அடிச்சுக் குடுங்க."

அடித்தார். கலவைக்கு மட்டும். சுவர் நனைக்கவும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தால் கட்டுபடியாகுமா? ஒரு பக்கம் கெஞ்சி வாங்கிய தவணைக்காக விசாலாட்சி அம்மாளுக்கு ஏற்றிக் கொடுத்த வாடகை, மறுபக்கம் பாங்குக்கு வட்டி. நனைக்கிற தண்ணீர் காற்றில் காய்ந்துதானே போகப்போகிறது என்று அடிபம்புத் தண்ணீரையே தெளிக்கச் சொன்னார். முத்துக்குமரன் சொன்னதைச் செய்தான். ஆனால் வேலை முடிந்து கூலி வாங்கும்போது, "சார், என்னைக் கொற சொல்லக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதம். வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். எதிர்வீட்டு அல்லி குடும்பத்தோடு வந்திருந்தாள். புருஷன் மெக்கானிக். அவர்கள் வீடும் அப்போதுதான் முடிந்திருந்தது. பத்திரம் ரைட்டர் எழுதியதுதான். ஃபாதர் தண்ணீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "தீர்த்தம் மந்திரிக்கக் கொஞ்சம் உப்பு வேணுமேம்மா" என்றார். சகாயம்மாள் திகைத்தாள். அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் கொண்டுவந்தவள் உப்பை மறந்துவிட்டிருந்தாள். அல்லிதான் ஓடிப்போய் ஒரு பிடி எடுத்துவந்தாள். "மொத மொதல்ல எங்க வூட்டு உப்பு ஒங்க வூட்டுக்கு வருதுக்கா" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர் அறை அறையாகத் தெளித்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியஜோசப் சுத்தியலை எடுத்துக் கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்தார். மாட்ட ஒன்றும் இல்லை. சும்மா அடித்தார். சகாயம்மாள் வாளியிலிருந்து கறிவேப்பிலையை எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் நட்டாள். மண்ணை இரண்டு கையாலும் அணைத்துவிட்டு அப்படியே குந்தியிருந்தாள். அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

செடி சித்திரைவரை தாங்கியது. முதலில் இலையோரம் கருகியது. அப்புறம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. வெயில் என்றார் ஆரோக்கியஜோசப். ஆறு வீட்டு வெயிலில் காயாத செடி. அதைப் பிடுங்கினபோது வேரில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சகாயம்மாள் அதைத் தட்டிவிட்டாள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். பாத்திரம் தேய்க்கவும் குளிக்கவும் மட்டும் அடிபம்பு. பம்பின் கைப்பிடி ஒரு வருஷத்தில் துருப்பிடித்துச் செதில் செதிலாக வந்தது.

அடுத்த வருஷம் சுவரில் ஆரம்பித்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வண்ணம் உப்பிக்கொண்டு வந்தது. விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. துடைத்தால் மறுவாரம் இன்னும் ஒரு சாண் ஏறியிருக்கும். ஜெனிஷா பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தின் மேல் பொடி விழுந்தது. "அப்பா, சுவரு நம்ம கூடவே வளருதுப்பா" என்றாள். ஆணியடித்த இடத்தில் காரை பெயர்ந்து, ஆணி தானாக விழுந்தது.

கார்த்திகையில் ஒரு வாரம் விடாத மழை. நிலத்தடி நீர் ஏறியது. மழை விட்டு வெயில் அடித்த காலையில் கூடம், அறை, அடுப்படி எல்லாச் சுவரும் இடுப்பளவுக்கு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. சகாயம்மாள் கரண்டிக் காம்பால் சுரண்டி, நுனி விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உப்புங்க."

அவர் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"சுனாமி வரலன்னாங்க. வாஸ்தவமாவே வரல. பின்ன எங்கேருந்து வந்துச்சு இவ்ளோ உப்பு?" அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொம்பள குட்டைன்னு சொன்னா. ஏங்க... நம்ம சைவக்காரர் வீட்டுல இருந்தப்ப ஒருநாள் இறால் கொண்டாந்தீங்களே. அத வதக்கித்தானே வீட்ட விட்டுப் போனோம். யாரோ குட்டைக்காரர் குடுத்தாருன்னு சொன்னீங்க. அந்தக் குட்டை எங்க இருந்துச்சு?"

ஆரோக்கியஜோசப் நாற்காலியில் உட்கார்ந்தார். கார், ஆடி மாத வெயில், மேஜையின் மறுபக்கம் இருந்த இரண்டு முகம், பேனா நின்ற அந்த ஒரு நிமிஷம் எல்லாம் வந்தது. வராமல் எங்கே போகும்? அவர் பெட்டியைத் திறந்து மூலப்பத்திர நகலை எடுத்தார். 'தரிசு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல இறால் குட்டைன்னு இருந்துச்சு" என்றார். "நான்தான் மாத்துனேன்."

சகாயம்மாள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய், மிஷினுக்கு அடியில் கொட்டிக் கிடந்த பொடியைக் கூட்டி அள்ளினாள்.

கடன் இன்னும் பதிமூன்று வருஷம் இருந்தது. சொக்கநாதனிடம் போனார். அவன் பதறவே இல்லை. "பேப்பர் கிளீனா இருக்குல்ல ரைட்டர்? தையில சுவரு காயும். வெள்ளையடிங்க. நான் ஆளு அனுப்புறேன். வந்த வெலைக்குத் தள்ளிட்டு வேற பாருங்க." அவர் வெள்ளையடித்தார். "நமக்கு வேற வழியில்ல" என்று சகாயம்மாளிடம் சொன்னார். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் அந்த நாட்களில் பேச்சே குறைந்துபோயிருந்தது. சுண்ணாம்பு வாசனை மட்டும் இருந்தது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன வயசுத் தம்பதி வந்தார்கள். முகிலன், ஜெயப்ரியா. டவுனில் வாடகை வீடு, நாலாவது வீடாம். ஜெயப்ரியா சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே அறை அறையாக நடந்தாள். அவளுக்கு எங்கே கட்டில், எங்கே அலமாரி என்று அப்போதே தெரிந்துவிட்டிருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றான் முகிலன். "சுனாமித் தண்ணி இங்க வந்துச்சுங்களா?"

"இல்ல" என்றார் ஆரோக்கியஜோசப். "வரவே இல்ல."

உண்மையைச் சொல்லும்போது ஒரு மனுஷனுக்கு இப்படி வாய் உலரும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சகாயம்மாள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். கேன் அடுப்படியில் நிறைந்து நின்றது. அவள் அதைத் தொடவில்லை. கொல்லைக்குப் போய் அடிபம்பை அடித்துப் பிடித்து வந்திருந்தாள். பம்பின் சத்தம் அவருக்குக் கேட்டது. ஜெயப்ரியாவிடம் டம்ளரை நீட்டிவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயப்ரியா ஒரு வாய் குடித்தாள். ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு மீதியையும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"லேசா கரிக்குதுக்கா. பரவால்ல. எங்க வாடகை வூட்டுல இதவிட மோசம்" என்றாள். "சொந்த வூடுன்னா தண்ணிய வெலைக்கு வாங்கிக் குடிச்சுட்டுப் போறோம்."

சகாயம்மாள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். முகிலன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"பத்திரம் நீங்களே எழுதிருங்க சார். ஒங்க எழுத்துன்னா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்னு நாங்க வாடகைக்கு இருக்குற வீட்டுக்காரர்கூடச் சொன்னாரு."

ஆரோக்கியஜோசப் வெள்ளைத்தாளை எடுத்தார். முன்வரைவு எழுதுவது அவருக்குக் கை வந்த வேலை. விற்பவர், வாங்குபவர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் தானாக ஓடியது. சொத்து விவரம் என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டார். பேனா நின்றது.

"எழுதுனவரைக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றாள் சகாயம்மாள். வாரக்கணக்கில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "எழுதிக் குடுக்குறவரு படிச்சுக் காட்டணும்ல?"

அவர் தலையைக் குனிந்து எழுதினார். பிறகு தாளைக் கையில் எடுத்து, ஆபீசில் படிக்கிற அதே பெரிய குரலில் படித்தார். பெயர்களைப் படித்தார். எல்லைகளைப் படித்தார். "...மேற்படி நான்கெல்லைக்குள் அடங்கிய, முன்பு கடல் தண்ணீர் நிறுத்தி இறால் வளர்த்த குட்டையை மண் அடித்துத் தூர்த்து..."

"என்னது சார்?" என்றான் முகிலன்.

"இறால் குட்டை. இந்த நகரு பூரா இறால் குட்டைதான். மண்ணெல்லாம் உப்பு. இந்தச் சுவத்துக்குப் போன மாசந்தான் வெள்ளையடிச்சேன். மழை வந்தா பொரிஞ்சு கொட்டும். வாணாம் தம்பி. கெளம்புங்க."

ஜெயப்ரியா சுவரிலிருந்து கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். வெள்ளையாக ஒட்டியிருந்தது. இருவரும் கிளம்பினார்கள். வாசல்வரை போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், வழி விடாமல் ஒருத்தி நின்றுகொண்டிருந்ததால்.

எதிர்வீட்டு அல்லி. கையில் பெயர்ந்து விழுந்த காரைக் கட்டி ஒன்று, அகலமாக, வெள்ளை பூத்து இருந்தது. அதைக் காட்டி என்ன செய்யலாம் என்று ரைட்டரிடம் யோசனை கேட்க வந்திருந்தாள். அவர் படித்ததைக் கேட்டுவிட்டாள். பெரிய குரலில் அல்லவா படித்தார்?

"சார்" என்றாள். "எங்க பத்திரத்துல தரிசுன்னுதானே எழுதியிருந்தீங்க?"